இல்லாத ஓவியங்களின் வரலாறு

அன்பின் அண்ணா,

வணக்கம். தருமபுரத்தில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு, கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். நவீன, சமகாலக் கலை வரலாற்றில் முதுகலைமாணி செய்ய விருப்பம். எங்கே செய்யலாம் என்று தேடத் தொடங்கி, எதைப் பற்றிச் செய்வது என்ற கேள்வியில் நின்றுவிட்டேன். வன்னியைப் பற்றிச் செய்யத்தான் ஆசை. எனக்குச் சித்திரம் படிப்பித்த ஆசிரியர் நாடகத் திரை, கோயில் சுவர், எண்ணெய் வர்ண உருவப்படம் என்று எல்லாம் வரைந்தவர். 2009-இல், போரின் கடைசிக் காலத்தில், மாத்தளன் பக்கம் இடம்பெயர்ந்து போகும்போது அவ்வளவையும் வழியில் விட்டுவிட்டுப் போனார். ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கே கலைக்கூடமும் இல்லை, சேகரிப்பும் இல்லை. இல்லாத ஓவியங்களை வைத்து என்ன கலை வரலாறு எழுதுவது? பேசாமல், 1943-இல் கொழும்பில் தொடங்கிய நவீன ஓவியர்களின் 43 குழுவைப் பற்றியே செய்துவிடட்டுமா? ‘இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்’ என்று அம்மா கேட்கிறா. அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஒரு வாசகி

அன்பின் தங்கச்சி,

43 குழுவைப் பற்றிச் செய்ய வேண்டாம். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல எல்லோரும் பெரிய கலைஞர்கள். அவர்களைப் படிக்காமல் இலங்கையின் நவீன ஓவியத்தைப் பற்றி யாரும் பேச முடியாது. அதே குழுவின் ஓவியர் ஹரி பீரிஸின் வீடு இன்று கொழும்பில் சபுமல் அறக்கட்டளையாக பார்ண்ஸ் பிளேஸில் நிற்கிறது, போய்ச் சுவரில் உள்ள ஓவியங்களைக் கிட்ட நின்று பார்க்கலாம். ஆனால் நீங்கள் அந்தத் தலைப்புக்குப் போக நினைப்பது அங்கே பொருள் கிடைக்கும் என்பதற்காக மட்டும்தான். வசதிக்காக எடுத்த தலைப்பு ஒரு வருடத்துக்கு மேல் ஆளைத் தாங்காது. உங்கள் கடிதத்தில் உயிர் இருப்பது ஆசிரியரைப் பற்றி எழுதிய நாலு வரியில்.

இலங்கையில் நவீன ஓவியம் என்றதும் 1943-இல் இருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1938-இல், சித்திர வித்தியாதிகாரியாக, அதாவது பாடசாலைச் சித்திரப் பாடப் பரிசோதகராக இருந்த எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் கலைக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த அ. மாற்கு, குருநகரின் மாற்கு மாஸ்டர், தன் மாணவர்களைக் கொண்டு ஒரு தலைமுறையையே உருவாக்கினார். இவர்கள் பெயர் கொழும்புக்காரர்களின் பெயரளவுக்கு ஏன் பரவவில்லை? திறமை குறைவு என்பதால் அல்ல. கொழும்பில் ஓவியங்கள் இருந்த வீட்டிலேயே இருந்தன, வாங்கியவர்கள் பத்திரப்படுத்தினார்கள், ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எங்கள் பக்கத்தில் ஓவியமும் ஓவியரும் பார்த்தவரும் சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள். வன்னிக்கு இது இன்னும் இரண்டு மடங்கு பொருந்தும்.

சரி, ஓவியம் இல்லாமல் வரலாறு எழுத முடியுமா? பழைய கிரேக்கத்தின் மிகப் பெரிய ஓவியர் என்று சொல்லப்படும் அப்பெலஸ் வரைந்ததில் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. ரோமானிய எழுத்தாளர் பிளினி போன்றவர்கள் எழுதி வைத்ததை வைத்துத்தான் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். நவீன ஓவியத்துக்கு வந்தால், பிரெஞ்சு ஓவியர் குர்பே 1849-இல் வரைந்த கல்லுடைப்பவர்கள் ஓவியம் 1945-இல் ட்ரெஸ்டன் குண்டுவீச்சுக் காலத்தில் அழிந்துவிட்டது. இன்றும் யதார்த்தவாத ஓவியம் என்றால் முதலில் காட்டுவது அதன் புகைப்படத்தைத்தான். ஓவியம் போனது என்பதற்காக யாரும் அதைப் பாடத்தில் இருந்து எடுக்கவில்லை.

உங்கள் ஆசிரியரின் ஓவியங்களுக்கும் சாட்சிகள் இருக்கும், தேடும் இடம்தான் வேறு. நாடகத் திரை என்று சொன்னீர்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழா, ஒளிவிழா, வாணி விழா எல்லாவற்றுக்கும் யாராவது படம் எடுத்திருப்பார்கள். அந்தப் படங்களில் பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் திரை தெரியும். ஒரு படத்தில் அரண்மனைத் தூண், இன்னொன்றில் மலையும் ஆறும். வன்னியில் இருந்த அல்பங்கள் போயிருக்கும், ஆனால் ஒரு பிரதி பாரிசுக்கோ ரொறன்ரோவுக்கோ மாமாவுக்கு அனுப்பப்பட்டிருக்கும். புலம்பெயர்ந்த சனத்தின் அல்பங்கள்தான் இன்றைக்கு வன்னியின் ஓவியக் காப்பகம். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்க்கும் நூலகம் இணையத்தளத்தில் பழைய விழா மலர்களும் சஞ்சிகை அட்டைகளும் ஏறியிருக்கின்றன, அங்கேயும் தேடுங்கள்.

அப்புறம் ஆசிரியரிடம் பொருளைப் பற்றிக் கேளுங்கள். திரைக்கு என்ன துணி? கஞ்சி போட்டாரா, வெள்ளை அடித்தாரா? பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பெயின்ற் எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. நீலம் கிடைக்காத ஒருவர் வானத்தை எப்படி வரைந்தார் என்பது பெரிய கேள்வி. உருவப்படத்துக்கு யார் காசு கொடுத்தார்கள், என்ன சாயலில் கேட்டார்கள் என்பதும் அப்படித்தான். மேற்கில் ஓவியத்தின் பொருளையும் செய்முறையையும் ஆராய்வதற்கென்று தனித் துறையே இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பயிற்சி வேண்டும், அதற்காகத்தான் முதுகலைமாணி.

நினைவை எப்படி ஆவணமாக்குவது என்பதற்கும் எங்களிடமே முன்மாதிரி உண்டு. ஓவியர் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட, முற்றுப்பெறாத தோம்பு (தோம்பு என்றால் காணிப் பதிவேடு) என்று பொருள்படும் பெயருள்ள நூலைத் தேடிப் பாருங்கள். இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டை ஞாபகத்தில் இருந்து வரைகிறார்கள். அந்தக் கை வரைபடம், அதையே கட்டடக் கலைஞர் முறையில் வரைந்த படம், பிறகு சனாதனனின் சித்திரம் என்று மூன்றும் அடுக்கடுக்காக வரும். கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று ஒருவர் போட்ட கோணல் கோடு, ஒழுங்கான வரைபடத்தில் நேராகும்போது என்ன தொலைகிறது என்று பக்கத்துக்குப் பக்கம் தெரியும். உங்கள் ஆசிரியரும் அவரிடம் படித்தவர்களும் அந்தத் திரைகளை நினைவில் இருந்து வரைந்தால், அவையும் ஆய்வுப் பொருள்தான். ஒருவர் வரைவதற்கும் மற்றவர் வரைவதற்கும் இடையில் வரும் வித்தியாசத்தை அழித்துவிடாதீர்கள்.

சமகாலத்துக்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். கிளிநொச்சி நகரில் ஏ9 வீதி ஓரத்தில் நிற்கும் போர் வெற்றிச் சின்னத்தை ஒரு தடவை பஸ்ஸில் இருந்து பார்க்காமல் இறங்கி நின்று பாருங்கள். சாம்பல் நிறக் கொங்கிரீட் பெட்டி, பக்கத்தில் பாய்ந்து நிற்கும் செல் குண்டு, அதில் இருந்து ஓடும் வெடிப்பு, உச்சியில் தாமரை. யார் கட்டினார்கள், யாரைப் பார்க்கச் சொல்லிக் கட்டினார்கள், தாமரை எங்கிருந்து வந்தது, வெடித்துப் போன அந்தப் பெட்டி யார்? இந்தக் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டாலே ஓர் அத்தியாயம்.

அங்கிருந்து கந்தசுவாமி கோயிலடிக்குப் போங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கிய இடம். அந்தப் போராட்டங்களில் அம்மாக்கள் கையில் வைத்திருக்கும் படங்களை வடிவாகப் பாருங்கள். சிலது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். சிலது ஸ்ரூடியோப் படம், பின்னால் வரைந்த திரை. சிலது கலியாண வீட்டுப் படத்தில் இருந்து வெட்டியது, பக்கத்தில் நின்றவரை வெட்டி எடுத்த பிறகும் அவருடைய கை இவருடைய தோளில் இருக்கும். லாமினேற் பண்ணிய ஓரத்தில் தண்ணீர் இறங்கி முகம் மங்கிக்கொண்டு வருகிறது. வெயிலும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. இந்த நூற்றாண்டில் வன்னியில் இதைவிட முக்கியமான காண்பியப் பண்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் அம்மாக்களிடம் அனுமதி கேட்காமல் ஒரு படத்தையும் எடுக்காதீர்கள். முதல் நாள் கமராவே கொண்டு போகாதீர்கள், போய் இருந்து கதையுங்கள்.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டை விட்டுப் போக முடியாவிட்டால் யாழ்ப்பாணத்திலேயே முதுதத்துவமாணிக்கு (எம்.பில்.)ப் பதிவது பற்றி விசாரியுங்கள், களம் பக்கத்திலேயே இருக்கும். போக முடியும் என்றால் என் தெரிவு இந்தியாவின் பரோடா. அங்கே நுண்கலைப் பீடத்தில் ஓவியர்களும் கலை வரலாற்று மாணவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள், அது பெரிய விஷயம். டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை, அழகியல் பள்ளியில் கோட்பாட்டுப் பக்கம் பலமானது, சனாதனன் கலாநிதிப் பட்டம் செய்ததும் அங்கேதான். இந்தியாவில் முதுகலைமாணி இரண்டு வருடம். இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் பற்றி யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் கேளுங்கள். லண்டன் ஒரு வருடம், ஆனால் கட்டணம் எங்களுக்குத் தாங்காது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம், அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், நீங்கள் படிப்பிக்கும் காலம் அதில் சேரும். எங்கே போனாலும், விண்ணப்பிக்க முன் ஒரு தடவை கொழும்புக்குப் போய், 2019-இல் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். விளக்கக் குறிப்புகள் மூன்று மொழியிலும் இருக்கும், தமிழ்க் குறிப்பை ஆங்கிலத்தோடு வைத்து வாசியுங்கள்.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. வேலைகள் குறைவு. பல்கலைக்கழக விரிவுரை, அருங்காட்சியகம், காப்பகம், அவ்வளவுதான். ஒன்றுக்குப் பலர் போட்டி போடுவார்கள். அதனால் பாடசாலை வேலையை விடாதீர்கள், சம்பளமில்லா விடுமுறையோ படிப்பு விடுமுறையோ எடுக்க முடியுமா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். திரும்பி வந்தால் சித்திரம் படிப்பிக்க ஒரு கதிரை இருக்கிறது என்று தெரிந்தால் அம்மாவும் கொஞ்சம் ஆறுவா.

ஆய்வு முன்மொழிவை முதலில் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்துக்குப் பிறகு கொண்டு போகலாம். ஆங்கிலத்தில் தொடங்கினால், வாசித்த நூல்களின் வாக்கியங்கள்தான் வரும், திரைத் துணியும் கஞ்சியும் வராது. இரண்டு பக்கம் போதும். எழுதி அனுப்பினால் வாசித்து, எங்கே இன்னும் கேட்க வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணா