தேசப்படங்களும் பழைய நூல்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஆசிரியை): 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையின் ஆங்கிலப் பெயர்ப்பில் யாழ்ப்பாணத்தவர்களை ‘மலபார்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘அப்படியானால் நாங்கள் கேரளத்தவரா?’ என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள், டீச்சர். போர்த்துக்கேயர் முதலில் வந்து இறங்கிய கரை மலபார். அங்கே பழகிய பெயரையே தமிழ் பேசியவர்களுக்கும் வைத்தார்கள். ஒல்லாந்தரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். 1658 இல் யாழ்ப்பாணம் வந்த பால்டேயஸ் பாதிரியார் 1672 இல் அம்ஸ்டர்டாமில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் மலபார் எழுத்து என்று அவர் அச்சிட்டுக் காட்டுவது நம்முடைய தமிழ் எழுத்தைத்தான். தரங்கம்பாடியிலிருந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1716 இல் வெளியிட்ட இலக்கணத்தின் தலைப்பிலேயே ‘தமிழ் அல்லது மலபார் மொழி’ என்ற பொருளில் இரண்டு பெயரும் சேர்ந்து நிற்கின்றன. அந்தத் தலைப்பை வகுப்பில் எழுதிக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

கேள்வி (வெள்ளவத்தை): பழம்பொருள் கடையொன்றில் சட்டமிட்ட இலங்கைத் தேசப்படம் விற்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு அசல் என்கிறார்கள். எப்படி அறிவது?

சட்டத்தைக் கழற்றிக் காட்டாவிட்டால் காசு கொடுக்காதீர்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அந்தக் காலக் கைத்தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே சற்று அகன்ற இடைவெளியில் வேறு கோடுகளும் தெரியும். தாளூற்றிய சல்லடைக் கம்பிகளின் தடம் அது. கோடில்லாத வழவழப்பான தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அடுத்து ஓரத்தைத் தடவிப் பாருங்கள். செப்புத்தகட்டை ஈரத்தாளில் அழுத்தி அச்சிட்டதால், ஓரம் வெட்டப்படாத படத்தைச் சுற்றி மெல்லிய பள்ளம் இருக்கும். பூதக்கண்ணாடியில் நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இக்கால அச்சு. பழுப்பை மட்டும் நம்பவே வேண்டாம். தேயிலைச் சாயத்திலும் அதே பழுப்பு வரும்.

மடிப்புத் தடங்கள் இருந்தால், அநேகமாக அது ஒரு நூலிலிருந்து அறுத்தெடுத்த படம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 1660 இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலும் ஒரு தேசப்படம் உண்டு. அந்த வழிகளில் நடந்து, சிறு வியாபாரம் செய்து, தப்பியோடிய ஒருவரின் படம் அது. பக்கங்களைப் பிரித்துவிட்டால் அதன் சாட்சி போய்விடும். மிஞ்சுவது சுவர் அலங்காரம்தான். ஒல்லாந்தப் பாதிரியார் வலன்டைன் 1724 முதல் 1726 வரை வெளியிட்ட பெருந்தொகுதியிலும் இலங்கை விரிவாக வருகிறது. ஆனால் அவர் இங்கே வாழ்ந்தவரல்லர். பிறர் எழுதியவற்றைத் திரட்டினார். இருவரின் நூலையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. வலன்டைனின் இலங்கைப் பகுதியை ஆங்கிலத்தில் தந்தவர் நம் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் (1978).

கேள்வி (தெகிவளை): ஒல்லாந்தர் படத்தில் ‘மிடில்பர்க்’, ‘லெய்டன்’ என்று தீவுகள். எவை?

புங்குடுதீவும் வேலணையும். காரைநகரை அம்ஸ்டர்டாம் என்றார்கள். நெடுந்தீவுக்கு வைத்த ‘டெல்வ்ற்’ மட்டும் இன்றும் வழங்குகிறது.

கேள்வி (வத்தளை): பாட்டனார் வைத்திருந்த, 1834 இல் அச்சான சைமன் காசிச்செட்டியின் இலங்கை ஊர் அகராதி உதிர்கிறது. லமினேட் செய்யலாமா? ரொறன்ரோவில் உள்ள மகளுக்கு அனுப்ப யோசிக்கிறேன்.

லமினேட் செய்யவே வேண்டாம், ஐயா. ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் தாளுக்குச் சேதமின்றிப் பிரிக்க முடியாது. செலோடேப்பும் கூடாது, இளவயதில் நான் ஒட்டிய ஒரு பக்கத்தில் பசை ஊறி, எழுத்தின் மேல் பழுப்புப் பட்டை விழுந்துவிட்டது. அமிலமில்லாத தாளில் சுற்றி, பெட்டியில் படுக்கையாக வையுங்கள். கடற்காற்று படும் வெளிச்சுவர்ப் பக்கம் வேண்டாம். மாதம் ஒருமுறை திறந்து இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புமுன் தொல்பொருளியல் திணைக்களத்தில் கேளுங்கள். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட தொல்பொருட்களை அனுமதிப்பத்திரமின்றிக் கொண்டுபோக முடியாது. உங்கள் நூல் அதற்குப் பிந்தியது. ஆனாலும் எழுத்தில் பதில் பெறுவது நல்லது. என்னைக் கேட்டால், பக்கங்களைப் படமெடுத்து மகளுக்கு அனுப்புங்கள். கல்பிட்டியில் பிறந்த ஒரு தமிழர் இந்நாட்டின் ஊர்களை ஆங்கிலத்தில் தொகுத்த நூல் அது. அசல் இங்கேயே இருக்கட்டும். வைக்க இடமில்லையென்றால், 1877 இல் திறந்த கொழும்பு நூதனசாலையின் நூலகத்தில் பேசிப் பாருங்கள். நானும் கூட வருகிறேன்.