பதுளைக் கோச்சியும் ஈ.கோலை வரைபடமும்: கேள்வி-பதில்

ஈ.கோலை பற்றீரியாவின் நிறமூர்த்தத்தில் பரம்பரையலகுகளின் தூரத்தை ஏன் நிமிடத்தில் சொல்கிறார்கள்? (உயர்தர மாணவி, ஹட்டன்)

பதுளைக் கோச்சியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும், நாவலப்பிட்டி தாண்டி எவ்வளவு நேரமாச்சு என்று பார்த்தால் ஹட்டனா தலவாக்கலையா என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதே கணக்குத்தான். எச்.எஃப்.ஆர் (Hfr) என்ற வகைப் பற்றீரியா தன் டி.என்.ஏயை ஒரு முனையிலிருந்து தொடங்கி இன்னொரு பற்றீரியாவுக்குள் தள்ளும். நடுவில் மிக்சியில் அடித்துப் பிரித்துவிட்டால் எந்தப் பரம்பரையலகு எத்தனையாவது நிமிடத்தில் உள்ளே போனது என்று தெரிந்துவிடும். முழுவதும் போக சுமார் 100 நிமிடம், அதனால் வரைபடமும் 100 நிமிடம். பெரும்பாலும் பாதி வழியிலேயே அறுந்துவிடும், மண்சரிவு நாளில் நம்ம கோச்சி மாதிரி.

ஆர்.என்.ஏயைப் பதப்படுத்தும் நொதியம் கெட்டால் கலம் செத்துவிடுமே, அப்புறம் எதை வைத்து அதன் பரம்பரையலகு வரைபடத்தில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது?

எல்லாம் சாகாது. ஆர்.என்.ஏயை வெட்டுகிற நொதியங்களில் ஒன்றான ஆர்.என்.ஏஸ் III இல்லாமலும் ஈ.கோலை மெதுவாக வளரும், 30எஸ் (எஸ் என்பது பருமனைக் காட்டும் அளவு) முன்னோடி ஆர்.என்.ஏ மட்டும் வெட்டுப்படாமல் தேங்கி நிற்கும். ஆர்.என்.ஏஸ் ஈ என்ற இன்னொரு நொதியம் அப்படியில்லை, அது இல்லாவிட்டால் கதை முடிந்தது. அதனால் 30 பாகையில் வளர்ந்து 44இல் நின்றுபோகிற விகாரத்தைத்தான் (பரம்பரையலகு மாறிய கலத்தை) தேடினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1970களில் ஒரு குழு, 9எஸ் ஆர்.என்.ஏ 5எஸ் ஆகாமல் குவிகிற விகாரத்தைப் பிடித்து 'ஆர்.என்.ஈ' என்று பெயர் வைத்தது. வேறொரு குழு, தூது ஆர்.என்.ஏ சீக்கிரம் சிதையாத விகாரத்துக்கு 'ஏ.எம்.எஸ்' என்றது. இரண்டும் வரைபடத்தில் 24ஆவது நிமிடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று என்று சொல்லிவிட முடியாது, லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் வேறு வேறு குடும்பம்தானே! 1990 வாக்கில்தான் இரண்டும் ஒரே பரம்பரையலகு என்று உறுதியானது. மாற்றங்கள் இருந்த இடம் புரதத்தின் 66ஆவது, 68ஆவது அமினோ அமிலங்கள், அவ்வளவு நெருக்கம்.

பி1 பேஜ் (பற்றீரியாவின் டி.என்.ஏ துண்டை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுமக்கும் வைரசு) கடத்தலில் இரண்டு பரம்பரையலகு அடையாளங்கள் 42 வீதம் சேர்ந்து வருகின்றன. தூரம்?

ஏறக்குறைய அரை நிமிடம், அதாவது 23 ஆயிரம் காரச்சோடி. பி1 சுமக்கிற துண்டு 2 நிமிட நீளம் என்று வைத்து, (1 − தூரம்/2) என்பதை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள்.

முழு மரபுத்தொகுதியையும் வரிசைப்படுத்தினால் முடிந்ததே, இந்தப் பாடு எதற்கு?

வரிசைப்படுத்துங்கள், நல்லதுதான். ஆனால் விகாரமூட்டி (டி.என்.ஏயை மாற்றும் பொருள்) போட்ட கலத்தில் பத்திருபது மாற்றங்கள் தெரியும். எது குற்றவாளி என்று பி1ஆல் சுத்தமான கலத்துக்கு மாற்றிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

அந்த 30 பாகை விகாரத்தை அறை வெப்பநிலையில் வைத்தேன், இரண்டு நாளாகியும் தட்டில் ஒன்றுமே வளரவில்லை. (நுவரெலியா)

உங்கள் ஊர்க் குளிர் அறையிலா? இன்கியுபேட்டரில் 30இல் வையுங்கள்.