லிட்டருக்கு 19 கி.மீ. கொடுத்த டீசல் கார் 13-க்கு இறங்கினால் டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்களுடையது 2013 மாடல் டிசையர் டீசல், 1,20,000 கி.மீ. ஓடியது. பிள்ளைகள் சென்னையிலிருந்து முன்னோர் படைப்புக்கும் திருவிழாவுக்கும் வரும்போதுதான் ஓட்டம் அதிகம். மற்ற நாட்களில் காரைக்குடி போய்வருவதோடு சரி, சில சமயம் மாதக்கணக்கில் கொட்டகையிலேயே நிற்கும். லிட்டருக்கு 19 கொடுத்த வண்டி இப்போது 13-தான் கொடுக்கிறது. முந்துவதற்கு மிதித்தால் கரும்புகை வருகிறது. மெக்கானிக் டர்போ போய்விட்டது, 40,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?
— தேவகோட்டை வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. கரும்புகை என்றால் எரிகிற டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். டர்போவின் சீல் தேய்ந்திருந்தால் புகை நீலமாக வரும், ஆயில் அளவும் இறங்கும். நீங்கள் இரண்டையும் சொல்லவில்லை. அதனால் சந்தேகம் முதலில் காற்று போகும் வழியின் மேல்தான்.

அதற்கு முன் 13 என்பது உண்மையான 13 தானா என்று பாருங்கள். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். நாசில் முதல் தடவை கட் ஆகும்வரை டேங்கை நிரப்பி, 250 கி.மீ. ஓட்டுங்கள். பிறகு அதே பங்க், அதே நாசிலில் முதல் கட் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். பங்க் அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், காட்டியாக வேண்டும். 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. கம்பெனி சொன்ன 23.4 ஆய்வகத்துக் கணக்கு. சாலையில் 18, 19 கிடைத்தாலே வண்டி நன்றாக இருக்கிறது. பிள்ளையார்பட்டியில் ஏசி போட்டபடி ஒரு மணி நேரம் காத்திருந்தால் அரை லிட்டருக்கு மேல் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நின்று ஓடும் வண்டியில் அடுத்துப் பார்க்க வேண்டியது பிரேக். விடாமல் பிடித்துக்கொண்ட பிரேக்கும் மைலேஜைத் தின்னும். 15, 20 கி.மீ. ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, முன்சக்கர டிஸ்க் இரண்டின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதன் காலிபர் (டிஸ்க்கை அழுத்தும் பிடி) விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்சக்கரத்தில் டிரம் என்பதால் சூடு மெதுவாகத் தெரியும்; ஜாக்கி போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். காலிபர் பின்னுக்குக் கிரீஸ் வைப்பது சின்ன வேலை, பிஸ்டன் துருப்பிடித்திருந்தால் கிட் மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டயர் காற்று டிரைவர் கதவோரத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்கு இருக்கட்டும்.

இனி காற்று வழி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசியில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், அதோடு நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள். இவற்றில் விழும் கீறல் ஐடிலில் தெரியாது. டர்போ அழுத்தம் ஏறும்போதுதான் வாய் பிளக்கும். அளந்து உள்ளே போன காற்றில் ஒரு பங்கு வழியிலேயே ஒழுகிவிட, கம்ப்யூட்டரோ முழுக் காற்றும் வந்ததாக நினைத்து டீசலைக் கொடுக்கிறது. உங்கள் கரும்புகைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். கூடவே 'உஸ்' என்ற சத்தமும் இழுவைக் குறைவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். கிளாம்ப் ஓரத்தில் ஈரமாக ஆயிலும் தூசியும் படிந்த இடத்தைத் தேடுங்கள். நிச்சயமாகத் தெரிய, குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது சகஜம், அதைக் காட்டி டர்போ விற்பார்கள்.

எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இதே புகைதான். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

இன்னொன்றை நம் ஊர்ப் பக்கத்தில் அவசியம் கேட்டுவிடுங்கள்: இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா? "வெயில் ஊருக்கு வால்வு எதற்கு" என்று சூடேறிய வண்டியில் கழற்றிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடாவதே தாமதம், வேகத்தில் போகப்போகக் குளிரும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டும். வண்டியின் கம்ப்யூட்டரில் மெக்கானிக் இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் கூலன்ட் சூடு 80 டிகிரிக்கு மேல் ஏறி நிலையாக நிற்க வேண்டும். திருப்பத்தூர் சாலையில் சீராகப் போகும்போது 70-க்கு இறங்கினால் வால்வு இல்லை, அல்லது திறந்தே நிற்கிறது.

அதே ஸ்கேனரில் டர்போவையும் சோதிக்கலாம். இன்ஜினை ஆஃப் செய்து சாவி மட்டும் போட்டால் மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் முழுதாக மிதித்தால் 200-ஐ நெருங்க வேண்டும். ஏறினால் டர்போ வேலை செய்கிறது, கவனம் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் போகட்டும். நான்கிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து, ஒன்றில் மட்டும் ஏகமாக வந்தால் அதுதான் தேய்ந்தது. அழுத்தம் ஏறவில்லை, ஹோஸில் ஒழுகலும் இல்லை, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வும் திறந்து நிற்கவில்லை என்றால், டர்போவின் வாயில் உள்ள பைப்பைக் கழற்றி, விசிறி சுழலும் ஷாஃப்டை உள்ளே வெளியே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், முன்பின்னாக ஆடினாலோ விசிறி கூட்டில் உரசினாலோ அப்போது மாற்றலாம்.

கேள்வி: ரீகண்டிஷன் டர்போ போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. மறுபடி விசில் சத்தமும் நீலப்புகையும். போட்டவர் "உங்கள் ஓட்டுமுறை சரியில்லை" என்கிறார். பில் கிடையாது, ஜிபேயில் பணம் அனுப்பினேன்.
— கோட்டையூர் வாசகர்

பதில்: டர்போவைக் கொன்றது எது என்று டர்போவே சொல்லும். ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் கிடைக்காமல் போயிருக்கிறது: ஆயில் வரும் பைப்பைப் புதிதாக மாற்றாமல், கரி அடைத்த பழையதையே பூட்டினால் வரும் கதி. விசிறி இதழில் சிராய்ப்பு என்றால், பழைய டர்போவின் துண்டுகள் இன்டர்கூலரில் கிடந்தது ஒரு காரணம், ஃபில்டர் பெட்டி சரியாக மூடாதது இன்னொன்று. பேரிங்கில் கோடு விழுந்திருந்தால் அழுக்கு ஆயில். பைப்பும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் டர்போ மட்டும் பூட்டியிருந்தால் பொறுப்பு பூட்டியவருக்குத்தான்.

வேறு இடத்தில் கழற்றுவதாக இருந்தால் பூட்டியவருக்கு முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து, கழற்றுவதைப் படமெடுத்து, கழற்றியவரிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். பழைய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவும் வாட்ஸ்ஆப் செய்திகளும் ஆதாரமாகக் காட்டக்கூடியவை. ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அதன்பின் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இதற்கிடையே விசில் சத்தத்தோடு வண்டியை ஓட்டாதீர்கள். சீல் முழுதாகப் போனால் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.