வாசகர் கேள்வி: வாடகைக்கு முன்பா, பின்பா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். எங்கள் பகுதியின் குழந்தை வறுமை பற்றி அரசு அட்டவணையில் ஒரு எண் இருக்கிறது. தொண்டு நிறுவனம் சொல்லும் எண் அதைவிட மிக அதிகம். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. அளக்கும் இடம்தான் வேறு. பிரிட்டனில் நடுநிலை வருமானத்தின் (எல்லாரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்) 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் குடும்பம் ஏழைக் குடும்பம். அந்த வருமானத்தை வீட்டுச்செலவு (வாடகை போன்ற குடியிருப்புச் செலவு) கழிப்பதற்கு முன்பும் பார்க்கலாம், கழித்த பின்பும் பார்க்கலாம். உள்ளூர்வாரியாக அரசு வெளியிடும் எண்கள் 'முன்பு' வகை. தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் 'பின்பு' வகையைச் சொல்லும்.

'முன்பு' கணக்கில் பெரிய கோளாறு ஒன்று உண்டு: வாடகைக்கு அரசு தரும் உதவித்தொகையும் வருமானமாகச் சேர்கிறது. வார வாடகை 250 பவுண்டிலிருந்து 290 ஆகி, உதவியும் 40 பவுண்ட் கூடினால், அந்தக் குடும்பம் ஏட்டில் 40 பவுண்ட் வசதியாகிவிடும். அந்த 60 சதவீத வறுமைக் கோட்டைத் தாண்டி 'ஏழை இல்லை' என்றுகூட ஆகலாம். கூடிய பணம் அப்படியே வீட்டுக்காரரிடம் போகிறது. பிள்ளையின் சாப்பாட்டுக்கு ஒரு பென்னி கூடவில்லை. லண்டன் போன்ற ஊரில் வறுமை இப்படித்தான் மறைகிறது. அதனால் குழந்தைகள் விஷயத்தில் 'பின்பு' கணக்கைத்தான் நம்ப வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 2025 மார்ச்சில் வெளியான 2023–24 கணக்கில், அந்த அளவுப்படி பிரிட்டனில் 31 சதவீதக் குழந்தைகள், சுமார் 45 லட்சம் பேர், வறுமையில் இருந்தார்கள்.

'பின்பு' கணக்கில் வாடகை, தண்ணீர்க் கட்டணம், வீட்டுக்கடன் வட்டி, கட்டடக் காப்பீடு, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் கழியும். கடனின் அசல் கழியாது. அது சொத்துச் சேர்ப்பு என்று கருதுகிறார்கள். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) இரண்டு கணக்கிலுமே முன்கூட்டியே கழிந்துவிடும்.

பலர் செய்யும் தவறு: வருமானத்தில் வாடகையைக் கழித்துவிட்டு, 'முன்பு' கோட்டோடு ஒப்பிடுவது. எல்லாக் குடும்பங்களுக்கும் வீட்டுச்செலவைக் கழித்த பிறகு நடுநிலை வருமானம் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. கோடும் கீழே இறங்கும். பெரிய குடும்பத்தையும் சிறிய குடும்பத்தையும் ஒப்பிட, ஆட்களுக்கு ஏற்ப வருமானத்தை வகுக்கும் எடையும் மாறலாம். தம்பதி 1 என்றால், தனியாக வளர்க்கும் தாய்க்கு முன்பு 0.67, பின்பு 0.58. 14 வயதுக்குக் கீழான பிள்ளைக்கு இரண்டிலும் 0.20.

கேள்வி: கவுன்சில் ஹோட்டலில் தங்கவைத்திருக்கும் குடும்பங்கள் எந்தக் கணக்கில் வரும்?

பதில்: நாடு முழுவதற்குமான எண்களில், இரண்டிலும் வராது. இந்த எண்களுக்கு அடிப்படையான சர்வே தனி வீடுகளில் வாழ்பவர்களிடம் மட்டுமே எடுக்கப்படுகிறது.