வண்டி வரவில்லை, கட்டணம் மட்டும் வருகிறது: குப்பை அபராதத்துக்கு என்ன பதில்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் 42 வீடுகள். எட்டு மாதமாக மாநகராட்சியின் ஒப்பந்த வண்டி வருவதில்லை. “உங்களுடையது மொத்தக் குப்பை, தனியாரிடம் கொடுங்கள்” என்கிறார்கள். ஒரு மினி லாரிக்காரரை ஏற்பாடு செய்தோம். அவர் காலிமனையில் கொட்டிவிட்டார். குப்பையில் கிடந்த கூரியர் உறைகளில் எங்கள் முகவரி இருந்ததால் சங்கத்துக்கு அபராத நோட்டீஸ் வந்திருக்கிறது. சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் வாங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இதில் இரண்டு தகராறுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள்; அபராதக் கோப்பை மூடும்போது வண்டி வராத புகாரையும் சேர்த்து மூடிவிடுவார்கள்.

முதலில் ‘மொத்தக் குப்பை’ என்ற வாதம், அதாவது நீங்கள் அதிக அளவில் குப்பை உருவாக்குபவர்கள் என்பது. இதற்கு, நாளொன்றுக்கு 100 கிலோ குப்பை என்பது 2016 விதிகளிலும் இருந்த அளவு. 1.4.2026 முதல் நடைமுறைக்கு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதோடு 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, தினம் 40,000 லிட்டர் தண்ணீர் என்ற அளவுகளையும் சேர்த்திருக்கின்றன. இந்த மூன்று அளவுகளில் ஏதாவது ஒன்றை எட்டினாலே மொத்தக் குப்பைதான். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் உங்களுக்கு 22,680 லிட்டர்தான் வரும். குப்பையை ஏழு நாள் எடைபோடுங்கள். தராசின் எண் தெரியும்படி தினமும் ஒரு புகைப்படம், நோட்டில் தேதி, எடை, காவலாளி கையெழுத்து. ஞாயிறை விட்டுவிடாதீர்கள், அன்றுதான் எடை கூடும், அதை மறைத்ததாகத் தெரிந்தால் மற்ற ஆறு நாளையும் நம்பமாட்டார்கள். சராசரி 100 கிலோவுக்குள் இருந்து, தளப்பரப்பும் தண்ணீரும் அளவுக்குள் இருந்தால் குப்பையை எடுப்பது மாநகராட்சியின் பொறுப்பு. நிதியில்லை என்று சுகாதாரக் கடமையை உள்ளாட்சி தட்டிக்கழிக்க முடியாது என்பதை 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் போன்ற சானிட்டரி குப்பை, பல்பு-மருந்து-பெயின்ட் டப்பா போன்ற தனிக்கவனக் குப்பை என்று நான்காகப் பிரிக்க வேண்டும். கலந்து கொடுத்தால் ‘அதனால்தான் எடுக்கவில்லை’ என்ற பதில் தயாராக இருக்கும்.

எடைக் கணக்கோடு ஆணையருக்கு ஒப்புகையுடன் மனு அனுப்புங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: உங்கள் தெருவுக்கான வண்டித் தடம், எட்டு மாத ஜிபிஎஸ் பதிவு, உங்களை மொத்தக் குப்பையாளராக அறிவித்த உத்தரவின் நகல். பதிலுக்கு 30 நாள் அவகாசம். அப்படியோர் உத்தரவே இல்லையென்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டணத்தை நிறுத்தாதீர்கள். சொத்து வரியோடு சேர்ந்து வருவதால் நிலுவை மொத்தமும் உங்கள் தலையில் விழும். ‘ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறோம்’ என்று கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

அபராதத்துக்கு வருவோம். கூரியர் உறை, குப்பை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் காட்டும். யார் கொட்டினார் என்பதைக் காட்டாது. ஆனால் அதை வைத்து முழுதாகத் தப்பிக்க முடியாது: குப்பையை அங்கீகாரம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நோட்டீசில் சொன்ன நாளுக்குள், எந்தத் துணை விதி, எந்தத் தேதி, புகைப்படம் எங்கே என்று கேட்டு எழுதுங்கள். லாரி எண், பணம் கொடுத்த விவரம் இரண்டையும் இணைத்து, கொட்டியவரையும் விசாரிக்கக் கோருங்கள். முதல் தடவை, தெரியாமல் நடந்தது என்பது தொகையைக் குறைக்க உதவலாம், ரத்தாக்க உதவாது. கட்டிய தொகையை லாரிக்காரரிடமிருந்து வசூலிக்கத் தனி நோட்டீஸ் அனுப்பலாம். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் வாட்ஸ்அப் உரையாடலும் யுபிஐ பரிவர்த்தனையும்தான் ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த மின்னணுப் பதிவுக்குப் பாரதிய சாட்சியச் சட்டம் 2023, பிரிவு 63(4)-இன்படியான சான்றிதழும் வேண்டும். செயலாளர் அந்தக் கைபேசியை மாற்றாமல் இருக்கட்டும்.

மனுவுக்கு அசைவே இல்லையென்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுமுன் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைப் பாருங்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 22ஏ, பொதுச் சுகாதாரத் துப்புரவுப் பணியைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகவே சேர்த்திருக்கிறது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்புச் சொல்லும், அது இருதரப்பையும் கட்டுப்படுத்தும். ஒரு நிபந்தனை: அதே தகராறுக்கு வேறு நீதிமன்றத்தில் முன்பே வழக்குப் போட்டிருக்கக் கூடாது. விண்ணப்பிப்பது எப்படி என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.