பெரிய உடம்பா, பெரிய வீரனா?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மாமா பழைய குத்துச்சண்டை ரசிகர். "முகமது அலி காலத்து ஆட்களை இன்றைக்கு இருக்கிற எவனாலும் அசைக்க முடியாது" என்பார். என்னோடு பயிற்சி எடுப்பவர்களோ, "டைசன் ஃபியூரி 6 அடி 9 அங்குலம். மார்சியானோ, ஃப்ரேசியர், அலி எல்லாரும் அவர் முன்னால் சின்னப் பையன்கள்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர், புளியந்தோப்பு

பதில்: தம்பி, மார்சியானோவையும் அலியையும் ஒரே தட்டில் வைப்பதில்தான் இரண்டு தரப்பும் தவறுகிறது. இருவரும் ஹெவிவெயிட், அதாவது மிக அதிக எடைப் பிரிவின் சாம்பியன்கள், சரி. ஆனால் மார்சியானோ 5 அடி 10 அங்குலம், சுமார் 84 கிலோ. அலி 6 அடி 3 அங்குலம். 1974ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அப்போதைய சாம்பியன் ஃபோர்மேனோடு மோதியபோது 98 கிலோ. இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் கேள்விக்கே பதில் இருக்கிறது.

அலி ஃபியூரியோடு மோதினால் என்ன ஆகும் என்று இனிமேல் வெறுமனே கற்பனை செய்ய வேண்டியதில்லை. உக்ரைனின் ஹெவிவெயிட் வீரர் உசிக்குக்கும் 6 அடி 3 அங்குலம்தான். 2024 மே மாதம் ரியாத்தில் அவர் 101 கிலோ, எதிரே ஃபியூரி 119 கிலோ. நடுவில் சில ரவுண்டுகள் உசிக் திணறினார், உண்மைதான். ஆனால் 9வது ரவுண்டில் ஃபியூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடினார். நடுவர் எண்ண வேண்டி வந்தது, மணி அடித்ததால் பிழைத்தார். தீர்ப்பு உசிக் பக்கம். அதே ஆண்டு டிசம்பரில் ஃபியூரி இன்னும் எடை ஏற்றி 127 கிலோவுக்கு மேல் வந்தார். அப்போதும் புள்ளி போடும் மூன்று நடுவர்களும் 116–112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள். அலிக்கு அதே உடம்பு, அதைவிட வேகமான கால். அலி ஜெயிப்பார் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் மாமாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் நண்பர்களின் பக்கம். எடை என்றால் குத்தின் பலம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு சாயங்காலம் வரை.

ராயபுரத்தில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு 63 கிலோ. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு அண்ணனோடு வாத்தியார் என்னை இறக்கினார். அவர் 85 கிலோவாவது இருப்பார். அவருடைய குத்தில் பாதிக்கு மேல் தலையைச் சாய்த்தே தப்பித்துவிட்டேன். ஆனால் கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் இடது முன்கையை என் பிடரியில் போட்டு, மொத்த உடம்பையும் என்மேல் சாய்த்துவிடுவார். அவர் மார்பு வியர்வை என் கண்ணில் இறங்கும். நடுவர் பிரித்துவிடும் வரை அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நிற்க வேண்டும். நாலைந்து முறை அப்படி நின்றதும் தொடை நடுங்க ஆரம்பித்தது. மூன்றாவது ரவுண்டில் குத்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது, கால் நகரவில்லை. கொட்டகைத் தூணில் சாய்ந்து மூச்சு வாங்கியபோது வாத்தியார் சொன்னார்: "அவன் கை உன்னை அடிக்கலடா. அவன் எடை அடிச்சுது."

உயரம் குறைந்தவர் உள்ளே புகுந்துதான் அடிக்க வேண்டும். உள்ளே போனால் இந்தச் சாய்வு காத்திருக்கிறது. எடை மட்டுமில்லை, உயரமும் அங்கே வேலை செய்யும். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஃப்ரேசியரை ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளியதைப் பாருங்கள். இருவர் எடைக்கும் அன்று இரண்டு கிலோ கூட வித்தியாசம் இல்லை. ஃபோர்மேனின் உயரமும் கை நீளமும் பலமும்தான் வேலை செய்தன. ஃப்ரேசியர் குனிந்து உள்ளே வர வர, இரண்டு கையாலும் அவரைத் தள்ளி நிறுத்தி, தன் குத்துக்குத் தோதான தூரத்தில் வைத்து அடித்தார். அதே ஃபோர்மேன் மறுவருடம் கின்ஷாசாவில் அலியிடம் வந்தபோது, அலி அவருடைய பிடரியைப் பிடித்து அமுக்கி அமுக்கியே களைக்க வைத்தார். ஃப்ரேசியரால் அதைச் செய்திருக்க முடியாது, அதற்கு உயரம் வேண்டும்.

அதனால் 1950களின் சாம்பியன் மார்சியானோவுக்கு எதிரே, 1990களின் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் நின்றால் (6 அடி 5 அங்குலம், நல்ல காலத்தில் 110 கிலோவுக்கு மேல்) நான் லெனாக்ஸ் பக்கம்தான். 49 சண்டையில் 49 வெற்றி என்ற மார்சியானோவின் கணக்கை மனசார மதித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

"டெம்ப்சி வில்லார்டை வீழ்த்தவில்லையா? ஜோ லூயிஸ் கார்னெராவை வீழ்த்தவில்லையா?" என்று மாமா கேட்பார். வீழ்த்தினார்கள். 1919ல் 85 கிலோ டெம்ப்சி, 111 கிலோ வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தரையில் போட்டார். 1935ல் 89 கிலோ ஜோ லூயிஸ், 118 கிலோ கார்னெராவை ஆறாவது ரவுண்டில் முடித்தார். ஆனால் வில்லார்டுக்கு அன்று 37 வயது, மூன்று வருடமாகப் பட்டத்துக்காக ரிங் ஏறாதவர். கார்னெராவிடம் உடம்பு இருந்தது, தற்காப்பு இல்லை. லெனாக்ஸும் அவருக்குப் பின் வந்த சாம்பியன் விளாடிமிர் கிளிச்கோவும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர்கள் முறையாகத் தொழில் கற்றவர்கள்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடியாதது ஜோ லூயிஸ்–லெனாக்ஸ் லூயிஸ் மோதல் மட்டும்தான். 1994ல் மெக்காலும் 2001ல் ரஹ்மானும் லெனாக்ஸை ஒரே குத்தில் சாய்த்தவர்கள். அவர்கள் இருவரைவிடவும் துல்லியமான கை ஜோ லூயிஸுடையது. அந்தச் சண்டை நடந்திருந்தால் ஒரு நொடி கூட நான் கண் இமைத்திருக்க மாட்டேன்.

கேள்வி: அலி சென்னைக்கு வந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ராயபுரம்

பதில்: உண்மை. 1980ல் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அப்பா தோளில் கை போட்டுக்கொண்டு கேலரியில் நின்று பார்த்தேன். அலிக்கு அப்போது 38 வயது, உடம்பு கனத்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தக் கால் மட்டும் தனியாகத் தெரிந்தது.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, 46 கிலோ. பாக்சிங் கற்றுக்கொள்கிறாள். மேல் எடைப் பிரிவில் போட்டி குறைவு, சாப்பிட்டு எடை ஏற்றலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஏற்றலாமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. மேரி கோம் உலகப் பட்டங்களை வென்றது 48 கிலோவிலும் அதற்குக் கீழும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த மிகச் சிறிய பிரிவே 51 கிலோ என்பதால் அவர் ஏறியே ஆக வேண்டியிருந்தது. வெண்கலம் வாங்கினார். அரையிறுதியில் தன்னைவிட உயரமான நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்றார். அவருக்கு வேறு வழி இல்லை, உங்கள் மகளுக்கு இருக்கிறது. வளர்கிற வயது, எடை தானாக வரும். அதுவரை 46 கிலோவிலேயே ஆடட்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் தன்னைவிடக் கொஞ்சம் பெரிய பெண்ணோடு, குத்து இல்லாமல், கட்டிப்பிடித்து விலகும் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள். பிடரியில் கை விழுந்ததும் குனியாமல், பக்கவாட்டில் கால் வைத்து வெளியே வர அவள் பழகட்டும்.