பிள்ளை இல்லாதவர் பள்ளி வரி கட்ட வேண்டுமா?

டெக்சாஸ் பிளேனோவில் வீடு வாங்கியிருக்கிறீர்கள், பிள்ளைகள் இல்லை, வரி பில்லில் பெரும்பங்கு பள்ளிக்கே போகிறது, தவிர்க்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். வழியில்லை. அங்கே மாநில வருமான வரி கிடையாது என்பதால் பள்ளிகள் பெரிதும் வீட்டு வரியை நம்பியே ஓடுகின்றன. வாடகைக்கு இருந்தபோதும் அந்த வரியை வாடகைக்குள் சேர்த்துக் கட்டித்தான் இருப்பீர்கள்.

நீங்கள் கட்டுவது முழுக்க பிளேனோவிலேயே தங்குவதும் இல்லை. சொத்து மதிப்பு அதிகமுள்ள பள்ளி மாவட்டங்களிடமிருந்து, அதாவது உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளிடமிருந்து, மாநிலம் ஒரு பங்கை எடுத்து ஏழை மாவட்டங்களுக்கு உதவுகிறது. ராபின் ஹூட் திட்டம் என்பார்கள். சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டம் தொடுத்த வழக்கில், 1989இல் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளிகளுக்கான பழைய நிதிமுறை செல்லாது என்றது. 1993இல் இந்த ஏற்பாடு வந்தது. குறை உண்டுதான். ஆனாலும் பிறந்த தெருவைப் பொறுத்துப் பிள்ளையின் படிப்பு அமைவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, பில்லைக் குறைக்க முடியும். குடியிருக்கும் வீடுதானே? வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் கவுண்டி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில், சொந்த வீட்டில் குடியிருப்போருக்கான ஹோம்ஸ்டெட் வரி விலக்குக்கு உடனே விண்ணப்பியுங்கள், கட்டணமில்லை. 2025 முதல் பள்ளி வரிக்கு மட்டும் வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். ஓட்டுநர் உரிமத்தில் இந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும், அதை முதலில் மாற்றிவிடுங்கள்.